வெள்ளைக்காரன் பாதுகாத்து வெச்சானாம்!

நவரை நெல்லை அறுத்துப் போட்டுட்டு இருபது நாள் லண்டன் போயிட்டு வந்தேன். மகள் வீடு அங்க. மாட்டைத் தம்பி வீட்டுல கட்டி, மோட்டார் ரூம் சாவியையும் அவன் கையில கொடுத்துட்டுப் போனதால நிம்மதியா இருக்க முடிஞ்சது. ஊர் சுத்தின கதையை எல்லாம் எழுதப் போறதில்லை. ஒரே ஒரு இடத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். அதுவும் சண்டை போடத்தான்.

தேம்ஸ் ஆத்துக்குத் தென்கரையில, செயின்ட் பால் தேவாலயத்துக்கு நேர் எதிர்ல, குளோப்னு ஒரு நாடகக் கொட்டகை இருக்கு. ஷேக்ஸ்பியரோட குளோப். நடைபாலத்துல ஆத்தைக் கடந்து போனோம். எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அதோட கூரைதான். சுத்தி எங்க பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடம், நடுவுல வட்டமா ஒரு கூரை வீடு! நார்ஃபோக் பக்கத்து நாணல் வெச்சு வேய்ஞ்சிருக்காங்க. கனம் ஒரு முழத்துக்கிட்ட இருக்கும். ஓரத்தைக் கத்தரிச்ச மாதிரி வெட்டி விட்டிருக்காங்க. நம்ம ஊர்ல கரும்புத் தோகை போட்டா மூணாவது மழைக்காலத்துல ஒழுக ஆரம்பிச்சிடும். இந்த நாணல் கூரை ஒரு தலைமுறை தாங்கும்னு சொன்னாங்க. சுவத்துக்கு சுண்ணாம்புக் காரை. நாம கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்சு ஊத்துவோம், அவங்க ஆட்டு மயிரைக் கலந்திருக்காங்க. தூணு உத்தரம் எல்லாம் பச்சை ஓக் மரம், மர ஆணி அடிச்சு இறுக்கினது. கூரை முகட்டுல மட்டும் வரிசையா தண்ணிக் குழாய். தீப்பிடிச்சா தானா தண்ணி கொட்டுமாம்.

நான் அதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு நிக்கும்போது மாப்பிள்ளை சொன்னார்: "பாத்தீங்களா மாமா, நானூறு வருஷமா எப்படிப் பாதுகாத்து வெச்சிருக்காங்க! நம்ம ஆளுங்களா இருந்தா என்னிக்கோ இடிச்சு காம்ப்ளக்ஸ் கட்டியிருப்பாங்க."

மாப்பிள்ளை மேல எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷன், சென்னையில பிறந்து வளர்ந்தவர். ஆனா அன்னிக்கு ராத்திரி நாலு போட்டோவை ஊர் வாட்ஸ்அப் குழுவுல போட்டேன் பாருங்க, வந்த பதில் அத்தனையும் இதே பாட்டு. சென்னை, பெங்களூரு, நியூஜெர்சின்னு நம்ம ஊரை விட்டுப் போனவங்க ஒருத்தர் பாக்கி இல்லாம, "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்யா." அதுக்கு மேல ஒருத்தர், "இதே மாதிரி நம்ம ஊர்லயும் கட்டணும்." அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு வயித்தைக் கலக்குது. ஏன்னு பிறகு சொல்றேன்.

முதல்ல அந்தப் பொய்யை எடுத்துக்குவோம். வெள்ளைக்காரன் எதையும் பாதுகாக்கலை. இடிச்சான். இடிச்சு, அந்த இடத்துல வாடகைக் குடியிருப்பு கட்டினான். நம்ம ஆளுங்க செய்வாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரே, அதேதான்.

குளோப் 1599-ல் கட்டினது. 1613-ல் எட்டாம் ஹென்றி நாடகம் நடக்கும்போது, ராஜா வர்ற கட்டத்துக்காக பீரங்கி வெடிச்சாங்க. பொறி பறந்து கூரையில விழுந்து, கொட்டகையே எரிஞ்சு போச்சு. உயிர்ச்சேதம் இல்லை. ஒருத்தரோட கால்சட்டை பத்திக்கிச்சு, கையில இருந்த பீரை ஊத்தி அணைச்சாங்கன்னு ஒரு கதை இருக்கு. அடுத்த வருஷமே திரும்பக் கட்டினாங்க, இந்தத் தடவை ஓடு போட்டு. 1642-ல் நாடகமே பாவம்னு சொன்ன கட்சிக்காரங்க கை ஓங்கி, பாராளுமன்றம் எல்லாக் கொட்டகையையும் இழுத்து மூடினது. ரெண்டு வருஷத்துல குளோப் தரைமட்டம். அதுக்குப் பிறகு முந்நூத்தைம்பது வருஷம் அந்த ஊர்ல குளோப்னு ஒண்ணு இல்லவே இல்லை.

1949-ல் சாம் வானமேக்கர்னு ஒரு அமெரிக்க நடிகர் லண்டன் வந்து, ஷேக்ஸ்பியரோட கொட்டகை எங்கன்னு தேடிப் போனார். அவர் கண்டது ஒரு பீர் ஆலைச் சுவத்துல அழுக்குப் பிடிச்ச ஒரு வெண்கலப் பட்டயம், அவ்வளவுதான். 1970-ல் அறக்கட்டளை ஆரம்பிச்சார். "ஒரு அமெரிக்கக்காரன் வந்து நமக்கு ஷேக்ஸ்பியர் சொல்லிக் கொடுக்கிறதா"ன்னு அங்க இருந்தவங்களே முகம் சுளிச்சாங்க. உள்ளாட்சி மன்றம் அந்த நிலம் தெரு கூட்டுறவங்க வண்டி வாகனம் நிறுத்த வேணும்னு மல்லுக்கு நின்னு, விவகாரம் கோர்ட்டுக்குப் போய் 1986-ல்தான் முடிஞ்சது. கொட்டகை திறந்தது 1997-ல். மனுஷன் 1993-லேயே செத்துப் போயிட்டார், கண்ணால பார்க்கக் கொடுத்து வைக்கலை.

அதுவும் பழைய இடத்துல இல்லை. பழைய குளோப்போட அஸ்திவாரம் இருநூறு மீட்டருக்கு மேல தள்ளி, வேற ஒரு பழைய கட்டடத்துக்கு அடியில கிடக்கு. 1989-ல் ஓரத்துல கொஞ்சம் தோண்டிப் பார்த்தாங்க. முழுசா தோண்ட முடியாது, ஏன்னா மேல இருக்கிற அந்தக் கட்டடமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம்! பழசைக் காப்பாத்த இன்னொரு பழசை இடிக்கணும். இப்படி ஒரு முடிச்சு நம்ம வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கூட விழுந்திருக்காது.

ஆக, இப்போ நிக்கிற குளோப் என்னைவிட முப்பது வயசு சின்னது. நாலஞ்சு பழைய படம், இன்னொரு கொட்டகை கட்டினப்போ தச்சனோட போட்ட ஒப்பந்தப் பத்திரம், பக்கத்துல தோண்டிக் கண்டுபிடிச்ச ரோஸ் கொட்டகையோட தடம், இதையெல்லாம் வெச்சு இப்படித்தான் இருந்திருக்கும்னு யூகிச்சுக் கட்டினது. அவங்களே அதை மறைக்கிறதில்லை. யூகம்னுதான் சொல்றாங்க. நம்மாளுதான் "நானூறு வருஷப் பழசு"ன்னு கன்னத்துல போட்டுக்கிறான்.

இன்னொண்ணு சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. முதல் குளோப்பே புதுசு இல்லை. 1576-ல் ஜேம்ஸ் பர்பேஜ்னு ஒருத்தர் ஊருக்கு வடக்கே ஷோர்டிச்ல குத்தகை நிலத்துல ஒரு கொட்டகை போட்டார். இருபத்தோரு வருஷக் குத்தகை. முடிஞ்சதும் நிலத்துக்காரன், நிலமும் என்னுது மேல இருக்கிற கொட்டகையும் என்னுதுன்னுட்டான். பர்பேஜோட பசங்க என்ன செஞ்சாங்க? 1598 டிசம்பர் கடைசியில, பீட்டர் ஸ்ட்ரீட்னு ஒரு தச்சரைக் கூட்டிக்கிட்டு ஆளுங்களோட போய், கொட்டகையைப் பிரிச்சு மரத்தை ஆத்துக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்துட்டாங்க. அந்த மரத்துல எழும்பினதுதான் குளோப். நிலத்துக்காரன் கேஸ் போட்டான். பொறம்போக்குல வீடு கட்டினவனுக்கும், பங்காளி தகராறுல ஓட்டு வீட்டைப் பிரிச்சு உத்தரத்தை மாட்டு வண்டியில ஏத்தினவனுக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. கட்டடம் போனா போகட்டும், ஆட்டத்தை விடக்கூடாதுன்னு நினைச்சவங்க அவங்க. சரி, மரத்தையும் விடலை.

இப்போ உள்ள போவோம்.

மகள் வாங்கினது நிக்கிற டிக்கெட். அது ஐந்து பவுண்டிலிருந்து கிடைக்குது, நம்ம காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல. உட்கார்ந்து பார்க்க பல மடங்கு. "அப்பா, கால் வலிக்குமே"ன்னா. நாத்து நட்ட காலு, நிக்காதான்னேன். மேடைக்கு முன்னாடி திறந்தவெளி முற்றம், மேல வானம். எழுநூறு பேர் நிக்கலாம். மேடை முற்றத்துக்குள்ள துருத்திக்கிட்டு வருது, மூணு பக்கமும் ஜனம். அந்தக் காலத்துல இந்த முற்றத்துக்கு ஒரு பென்னி. ஒரு கைத்தொழில்காரனோட ஒரு நாள் கூலியில ஏறத்தாழ பன்னெண்டுல ஒரு பங்கு. கூலிக்காரன், சாமான் விக்கிறவன், வேலை செய்யாம ஓடி வந்த பையன் எல்லாம் இங்கதான். மழை பெஞ்சா நனையணும். இப்பவும் அப்படித்தான், குடை பிடிக்க விடமாட்டாங்க, பின்னாடி நிக்கிறவனுக்கு மறைக்கும்னு. தரையில உட்கார்ந்தா வந்து எழுப்பி விடுறாங்க.

நாடகம் இரட்டைப் பிள்ளைகள் கதை. கப்பல் கவிழ்ந்து அண்ணன் ஒரு பக்கம் தங்கச்சி ஒரு பக்கம் கரை ஒதுங்கி, தங்கச்சி ஆம்பளை வேஷம் போட்டுக்கிறா. மகள் ரயில்லயே கதை சொல்லிட்டா. அந்தக் காலத்துல பொம்பளை வேஷமும் பையன்தான் கட்டுவானாம். அப்போ பையன் பொம்பளையாகி, பொம்பளை ஆம்பளையாகி... நம்ம செட்டுல திரௌபதி வேஷம் கட்டுறவர் விடிஞ்சதும் பீடி பத்த வெச்சுக்கிட்டு லுங்கியோட டீக்கடைக்கு வர்றதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணுமில்லை. பாஷை பாதி புரியலை. ஆனா கோமாளி எனக்கு ஒன்றரை அடி தூரத்துல வந்து நின்னு, என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டான். சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் தலையாட்டினேன். அவன் அதுக்கும் ஒண்ணு சொன்னான், இன்னும் சிரிப்பு. அந்த நொடியில நான் எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திடல்ல, கட்டியங்காரன் முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகல், அவன் முகம் எனக்குத் தெரியுது, என் முகம் அவனுக்குத் தெரியுது. முடிவுல செத்தவன் பொழைச்சவன் எல்லாம் வரிசையா நின்னு ஒரு ஆட்டம் போட்டாங்க பாருங்க, மத்தளம் மட்டும்தான் இல்லை.

வானமேக்கர் இருபது வருஷத்துக்கு மேல அலைஞ்சது இந்த முற்றத்துக்குத்தான்னு எனக்குப் பட்டது. கூரைக்கு இல்லை.

இதைப் பத்தி அவங்களுக்குள்ளயே பெரிய சண்டை நடந்திருக்கு. 2016-ல் எம்மா ரைஸ்னு ஒரு அம்மா அந்தக் கொட்டகைக்குத் தலைமை ஏத்து, கலர் லைட்டும் சவுண்டும் கொண்டு வந்தாங்க. கூட்டம் நல்லா வந்தது. ஆனாலும் நிர்வாகக் குழு, ஆடுறவனும் பார்க்கிறவனும் ஒரே வெளிச்சத்துல இருக்கணும், அதுக்குத்தான் இந்தக் கொட்டகைன்னு சொல்லி, வந்த வருஷமே அவங்க போகணும்னு முடிவு பண்ணிட்டாங்க. 2018-ல் போனாங்க. நான் யார் பக்கம்? சத்தியமா முழுசா முடிவு பண்ண முடியலை. தீவட்டி போய் பெட்ரோமாக்ஸ் வந்தது, அது போய் டியூப்லைட் வந்தது, கூத்து சாகலை. ஆனா போன வருஷம் எங்க ஊர்ல ஃபோகஸ் லைட் போட்டப்போ, வாத்தியார் இறங்கி வந்து சொன்னார்: "எதிர்ல குருடா இருக்குங்க. யாரு இருக்காங்க, யாரு எழுந்து போயிட்டாங்க, ஒண்ணும் தெரியலை. யாருக்கு ஆடுறது?"

இதையும் சொல்லிடணும், குளோப் ஒண்ணும் சொக்கத்தங்கம் இல்லை. பழைய கொட்டகையில மூவாயிரம் பேர் நெருக்கியடிச்சதா சொல்றாங்க, இப்போ தீயணைப்பு விதிப்படி அதுல பாதிதான். வெளிய போற வழின்னு பச்சை போர்டு மாட்டியிருக்கு. கடையில ஷேக்ஸ்பியர் தலை போட்ட சாமான் விக்குது. நின்னவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி வெளியூர்க்காரங்க. அரசாங்கத்தோட வழக்கமான மானியம் கிடையாது, கோவிட்ல 2020-ல் மூடிடுவோமோன்னு பயந்துட்டாங்க. பொம்மைக் கொட்டகைன்னு திட்டுற லண்டன்காரங்களும் உண்டு. 2012-ல் முப்பத்தேழு நாடகத்தை முப்பத்தேழு மொழியில போட்டாங்க. ஹிந்தி இருந்தது, குஜராத்தி, வங்காளம், உருது இருந்தது. தமிழ் இல்லை. யாரைக் குறை சொல்றது, தெரியலை.

கூரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டன்ல கூரை போட அனுமதி கிடைச்ச முதல் கட்டடம் இதுதான்னு சொல்றாங்க. 2004-ல் கும்பகோணத்துல 94 பிள்ளைகள் கருகினதுக்குப் பிறகு நம்ம பள்ளிக்கூடங்கள்ல கூரையே கூடாதுன்னு ஆச்சு. அதைத் தப்புன்னு சொல்ல என் வாய் வராது. ஆனா குடிசை வீட்டுல இருக்கிறவனைப் பார்த்தா பாவம்னு சொல்லிட்டு, ரிசார்ட்டுல கீத்துக் கூரைக்கு அடியில படுக்க ராத்திரிக்கு எட்டாயிரம் கொடுக்கிற ஆளுங்க, குளோப் கூரையைப் பார்த்து உருகுறப்போ எனக்குச் சிரிப்பு வருது.

சரி, இப்போ வயித்தைக் கலக்கின விஷயத்துக்கு வர்றேன்.

"இதே மாதிரி கட்டணும்"னு ஒருத்தர் போட்டாரில்ல, அது சும்மா இல்லை. வெளியூர்ல இருக்கிற நம்மவங்க பணம் சேர்த்திருக்காங்க. திரௌபதி அம்மன் கோயில் திடல்ல "பாரம்பரியக் கலை அரங்கம்". வரைபடம் வந்துடுச்சு. நாலடி உயர மேடை, ஷட்டர் கதவு, தகரக் கொட்டகை, தரை முழுக்க டைல்ஸ், முன்னாடி நிரந்தரமா நாற்காலி. மேடைக்கு நெத்தியில கருங்கல் பலகை, கொடுத்தவங்க பேர் வெட்ட. குளோப்புக்கும் ஆயிரக்கணக்குல ஜனம் காசு கொடுத்திருக்கு. அவங்க பேரை வெளி முற்றத்துக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. அது மேல நடந்துதான் உள்ள போகணும், மேடையில ஒரு எழுத்து கிடையாது.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்குத் திடல்னா என்னன்னு சொல்லிடறேன். அது காலி மனை இல்லை. அதுதான் கொட்டகை. பாரதம் நடக்கிறப்போ மதியம் பிரசங்கம், ராத்திரி கூத்து. மண்ணுல ஆட்டம், மூணு பக்கம் ஜனம், ஒரு பக்கம் மத்தளக்காரரும் பின்பாட்டும். அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடணும், அதுக்குக் குழி தோண்டணும். கடைசி நாள் காலையில படுகளம். துரியோதனனை மண்ணாலயே படுத்த கோலத்துல நீளமா செய்வாங்க, பீமன் அவன் தொடையில அடிப்பான். டைல்ஸ் மேல எந்த மண்ணைக் கொட்டி துரியோதனனைச் செய்றது? நாலடி உயரத்துல நின்னுக்கிட்டு கட்டியங்காரன் யார்கிட்ட வம்பு பேசுவான்? பாய் விரிச்சுப் பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு பார்க்கிற பொம்பளைங்க நாற்காலி வரிசையில எங்க உட்காருவாங்க?

பக்கத்து ஊர் ஒண்ணுல இப்படிக் கட்டி ஆறு வருஷம் ஆகுது. இப்போ அதுல வெங்காய மூட்டை அடுக்கியிருக்காங்க. நல்ல நிழல்.

எங்க ஊர்ல பத்து ராத்திரி நடந்த கூத்து இப்போ அஞ்சு ராத்திரி ஆயிடுச்சு. காரணம் கொட்டகை இல்லாததா? செட்டுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ராத்திரி முழுக்க ஆடிட்டு விடியக்காலையில கூலி வேலைக்குப் போறவங்க அவங்க. வாத்தியார் மகன் வேஷம் கட்ட மாட்டேன்னு திருப்பூர் போயிட்டான். முகவீணை வாசிக்கிற பெரியவருக்கு அடுத்து ஆள் இல்லை, இப்போ ஆர்மோனியத்தை வெச்சு ஒப்பேத்துறாங்க. அரங்கத்துக்குச் சேர்த்த பணத்தை வங்கியில போட்டு, வர்ற வட்டியில விட்டுப்போன அஞ்சு ராத்திரியைத் திரும்பக் கொண்டு வரலாம். ரெண்டு பையன்களுக்கு மத்தளமும் முகவீணையும் கத்துக்க மாசச் சம்பளம் கொடுக்கலாம். இதைக் குழுவுல எழுதினேன். "அண்ணே, அதுக்கெல்லாம் யாரும் காசு கொடுக்க மாட்டாங்க, கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு இருக்கணும்"னு பதில். குறைஞ்சபட்சம் உண்மையைச் சொன்னான் அந்தத் தம்பி.

குளோப் மாதிரி வேணும்னா எனக்கும் வேணும். திறந்த வானம், கைக்கெட்டுற தூரத்துல வேஷக்காரன், ஏழைக்கும் முன்வரிசை. இது அத்தனையும் எங்க திடல்ல ஏற்கெனவே இருக்கு, யூகம் பண்ணி ஓக் மரம் வெட்டிக் கட்ட வேண்டிய அவசியம் நமக்கு இன்னும் வரலை. அவங்களாவது இல்லாததைக் கட்டினாங்க, நீங்க இருக்கிறதுக்கு மேல காங்கிரீட் ஊத்தப் பார்க்கிறீங்க.

ஆவணியில கடக்கால் எடுக்க நாள் பார்த்திருக்காங்க. நேத்து சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனேன், அளவு பார்த்து நாலு மூலையிலயும் முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டியிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துல கூட்டம். பணம் கொடுத்தவங்கள்ல யாராவது இதைப் படிச்சா, பேசறதுக்காவது ஒரு தடவை நேர்ல வாங்க. செட்டு வாத்தியாரையும் வரச் சொல்லியிருக்கேன், இது வரைக்கும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.